உங்கப்பாகிட்ட சொல்லு

மகள் வகுப்பில் யாரோடும் சேர்ந்து பேசுவதில்லையாம். வீட்டில் மூன்று பேருமாக விளையாடுங்கள் என்று டீச்சர் சொல்லி அனுப்பினார். ஆலையில் பத்து மணி நேரம் தையல் மிஷினோடு மல்லுக்கட்டிவிட்டு வந்த எனக்கு இது ஒன்றுதான் குறைச்சல்.

அவள் அப்பாவின் கண்ணைக் கட்டினோம். நாங்கள் வழி சொல்ல, அவர் நாற்காலிகளில் இடிக்காமல் போய்க் கதவைத் தொட வேண்டும்.

"உங்கப்பாவ இடது பக்கம் திரும்பச் சொல்லு" என்றேன்.

"எவ்வளவு தூரம்னு உங்கம்மாகிட்ட கேளு" என்றார்.

ஆறு மாதமாக எங்களுக்குள் பேச்சு இப்படித்தான். அவள் கேட்டுச் சொல்வதற்குள் அவர் முழங்காலை இடித்துக்கொண்டார்.

எனக்கு எரிச்சல் வந்தது. "வீட்டுல இவ்வளவு பேசுறியே, ஸ்கூல்ல மட்டும் ஏன்டி வாயே திறக்கறதில்ல?"

அப்பாவின் முழங்காலைத் தேய்த்துவிட்டபடி அவள் சொன்னாள்: "அங்க நடுவுல நின்னு சொல்ல யாரும் இல்லையேம்மா."