போகத்துக்கு ஒரு விசேஷக் கூட்டம்

எலப்புள்ளிப் பக்கத்து வாய்க்காலின் கடைமடையில் யோகப்பிரியாவின் வயல். தலைமடைக்காரர்கள் பாய்ச்சி, மாடு கழுவி, மனசு வந்தால் மிச்சத் தண்ணீர் அங்கே வரும். போன போகம் மனசு வரவில்லை. விளைந்ததெல்லாம் பதர்.

தண்ணீர் முறையை மாற்ற பாசனக் கமிட்டி கூட வேண்டும். கூட்டும் அதிகாரம் பிரசிடெண்ட் சென்னிமலைக்கு மட்டும்தான். தலைமடைக்காரரான அவருக்கு எப்போது கேட்டாலும் ஒரு கல்யாணம் இருக்கும், இல்லாவிட்டால் முதுகுவலி.

அதனால் வருஷப் பொதுக்கூட்டத்தில் அவள் ஒரு தீர்மானம் கொண்டுவந்தாள். மூன்றில் ஒரு பங்குப் பேர் கையெழுத்திட்டால் பிரசிடெண்டைக் கேட்காமலே விசேஷக் கூட்டம் கூட்டலாம். "தெனமும் கூட்டம் போட்டா வெவசாயம் எப்பங்க பண்றது?" என்று தலைமடை முணுமுணுத்தது. சரி, போகத்துக்கு ஒரு கூட்டம் போதும் என்று அவளே இறங்கி வந்தாள். சீட்டுப் போட்டு வாக்கெடுத்தார்கள். ஜெயித்துவிட்டாள். தன் ஓட்டும் அவளுக்குத்தான் என்று சென்னிமலை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். நல்ல மனுஷன்!

இந்தப் போகம் நெல் பால் பிடிக்கும் நேரத்தில் மண் வெடித்தது. அவள் கையெழுத்து வாங்கக் கிளம்புமுன்பே செயலாளர் ரமேஷ்குமார் வெற்றிலைத் தட்டோடு வந்துவிட்டார்.

"ஏனுங்க, நம்ம பிரசிடெண்டுக்குப் பொன்னாடை போத்தோணும்னு எல்லாரும் பிரியப்படறாங்க. விசேஷக் கூட்டமாவே வெச்சரலாமுங்க. மொதக் கையெழுத்து உங்களுதா இருந்தாத்தான் மருவாதி."

வெற்றிலை வைத்துக் கேட்டால் மறுக்கிற வழக்கம் அங்கே இல்லை. எப்படியும் கூட்டம் கூடுகிறதே, அங்கேயே தண்ணீர் கேட்டுவிடலாம் என்று சந்தோஷமாகவே கையெழுத்திட்டாள், பாவம்.

கூட்டத்தில் அவள் எழுந்து தண்ணீர் என்று வாயெடுத்ததும் ரமேஷ்குமார் கை கூப்பினார். "இன்னிக்குப் பொன்னாடை மட்டுந்தானுங்க."

"அப்ப நாளைக்கே நானொரு விசேஷக் கூட்டம் கூட்டறனுங்க."

"போகத்துக்கு ஒண்ணுதானுங்களே. நீங்க கொண்டாந்த சட்டமுங்க."

அதற்குள் கைதட்டல் எழுந்தது. போர்த்துவதற்கு அவளைத்தான் அழைத்தார்கள். பொன்னாடையை விரித்துப் பிடித்தபடி அவர் காதருகே கேட்டாள்: "கடமடைக்கு எப்பங்க தண்ணி உடுவீங்க?"

கழுத்தை வாகாகக் குனித்து, போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டே சென்னிமலை சொன்னார்:

"அதுக்கொரு கூட்டம் போடோணும், அம்மிணி."