அடுப்பு மூட்டாத விருந்து

பரிமளாவின் போன் வந்தபோது செல்வம்மாள் கோழியைப் பஞ்சாரக் கூடையில் அடைத்துவிட்டு அம்மியைக் கழுவிக்கொண்டிருந்தாள். அன்றைக்குக் கரிநாள். மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் செந்துறைப் பக்கம் கறி வாசம் வராத வீடு இருக்காது.

பரிமளா யாரென்றால், செல்வம்மாளின் கொழுந்தன் பிரேம்குமார் சென்னையில் தேடிக் கட்டிக்கொண்ட மகராசி.

"அக்கா, விழுப்புரம் தாண்டிட்டோம். மத்தியானம் அங்க இருப்போம். இவருக்கு அப்பாவப் பாக்கணுமாம். அப்படியே குடும்பமாக் கூடி சிம்பிளா ஒரு பார்ட்டி வச்சிக்கலாம். நீங்க ஒண்ணும் செய்ய வேணாம். ஆளுக்கு ஒரு ஐட்டம் ஆக்கி எடுத்துட்டு வரச் சொல்லி குரூப்புல போட்டுட்டேன். நீங்க அடுப்பே பத்த வைக்காதீங்க. ரிலாக்ஸா இருங்க."

நல்ல நாளும் அதுவுமாக ஒரு வீட்டுக்காரியைப் பார்த்து அடுப்புப் பற்றவைக்காதே என்று சொல்ல ஒரு தனி வாய் வேண்டும். கண்ணுகளா, நம்ம ஊரில் ஆக்கின சோற்றை மூடி எடுத்துக்கொண்டு எந்த வீட்டுக்குப் போவோம்? எழவு விழுந்த வீட்டுக்கு. அங்கேதான் அடுப்பு மூட்ட மாட்டார்கள், ஒறமுறைக்காரர்கள் ஆளுக்கொரு குண்டானில் கொண்டுவந்து கொடுப்பார்கள். நல்ல காரியமென்றால் அரிசி, பருப்பு, காய்கறி என்று பச்சையாகத்தான் கொடுப்போம். இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். போனில் பார்த்துப் பார்ட்டி வைக்கிறவளுக்குத் தெரியாது.

அதிலும் எந்த வீட்டில் இந்தக் கூத்து? உள்ளறைக் கட்டிலில் மாமனார் சாமிக்கண்ணு சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிற வீட்டில். திருச்சி ஆஸ்பத்திரியிலிருந்து போகியன்றுதான் கூட்டிவந்திருந்தார்கள். நோய் விட்டுவிட்டது, இனிமேல் அவர் சாப்பிடுகிற சாப்பாடுதான் மருந்து என்று டாக்டர் சொல்லியனுப்பினார். கிழவருக்கோ வேறு நினைப்பு. கைவிட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், அதைத் தன்னிடம் மட்டும் மறைக்கிறார்கள் என்று. கஞ்சி இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. கோழிச் சாறு வைத்தாவது அவர் வாயைத் திறக்கவைக்க வேண்டும். செல்வம்மாளுக்கு அந்தப் பொங்கலில் இருந்த ஒரே ஆசை அதுதான்.

புருஷன் காசிநாதனிடம் சொன்னாள். அவன் எந்தச் சண்டைக்கும் வராத மனுசன். அதுவே பெரிய தொந்தரவு.

"அவதான் வேணாங்குறாளே. ஆஸ்பத்திரியில கிடந்து நீயும் அலுத்துப் போயிட்ட. ஒருநா உக்காரேன்."

"ஓகோ. அப்ப உக்கார்றேன்" என்றாள் செல்வம்மாள். "இவளோட சிம்பிளு எங்க போயி முடியுதுன்னு நானும் பாக்குறேன்."

வீம்புக்குத்தான் உட்கார்ந்தாள். சாறு சாயங்காலம் வைத்துக்கொள்ளலாம் என்று கோழிக்கு அரிசியை இறைத்துவிட்டு, காலை நீட்டிக்கொண்டு டிவியைப் போட்டாள். தெருவெல்லாம் குக்கர் விசிலடித்தது. இந்த வீட்டில் ஒரு கரண்டி அசையவில்லை.

முதலில் நாத்தனார் தேவயானி தா.பழூரிலிருந்து வந்தாள். பஸ்ஸில் சிந்தாமலிருக்க எலுமிச்சஞ்சோற்றுக் குண்டானை வெள்ளைத் துண்டால் இறுக்கிக் கட்டி, இடுப்பில் வைத்திருந்தாள்.

"உனக்குமாடி புத்தி கெட்டுப்போச்சு?"

"குரூப்புல எல்லாரும் கட்டைவிரலத் தூக்கிட்டாங்க அண்ணி. நான் மட்டும் மாட்டேன்னா, பட்டிக்காடும்பா."

"பட்டிக்காடுதானடி நீ. அதுல என்ன குறைச்சல் கண்ட?"

பின்னாலேயே கீழத்தெருப் பங்காளி வீட்டுப் பெண்கள் இரண்டு பேர், மூடின பாத்திரங்களோடு. சூடு கையைச் சுட்டதால் பேச்சுமூச்சில்லாமல், முகத்தைச் சுளித்துக்கொண்டு விறுவிறுவென்று உள்ளே போனார்கள்.

எதிர்வீட்டு மருதாயி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். கிழவர் சாப்பிடவில்லை என்று அவளுக்கு நேற்றே சேதி. இன்றைக்குக் கரிநாளில் வீட்டில் விசில் இல்லை. துண்டு கட்டின குண்டான் வருகிறது. வருகிறவர்கள் வாயைத் திறக்கவில்லை. இதற்குமேல் அவளுக்கு யார் வந்து சொல்ல வேண்டும்? கொண்டையை அவிழ்த்துவிட்டு, மார்பில் அடித்துக்கொண்டு, வாசலில் வந்து விழுந்தாள்.

"என்னப் பெத்த பெரியப்பா, தேரு சாஞ்ச மாதிரி சாஞ்சீங்களே…"

அந்த நேரம் பார்த்துத்தான் கார் வந்து நின்றது. பரிமளா இறங்கினாள். ஒரு கையில் காகிதத் தட்டுக் கட்டு, இன்னொரு கையில் ஊதின பலூன் கொத்து. பின்னால் பிரேம்குமார், பெரம்பலூரில் வாங்கின பிரியாணி அண்டாவோடு. ஒப்பாரியைக் கேட்டதும் அவன் அண்டாவை அப்படியே மண்ணில் வைத்துவிட்டு, "அப்பா" என்று உள்ளே ஓடினான்.

செல்வம்மாள் அவனுக்கு முன்னால் ஓடினாள்.

கிழவர் கண்ணை மூடியிருந்தார். "மருதாயி குரலு" என்றார் மெதுவாக. "காலையிலேருந்து அடுப்புச் சத்தம் இல்ல. சோறு வந்து எறங்குது. மவளும் வந்தாச்சு, சின்னவனும் வந்தாச்சு. எல்லாருக்கும் சொல்லிட்டீங்க, எனக்கு மட்டும் சொல்லல."

"அதெல்லாம் இல்ல மாமா."

"வுடு தாயி. எனக்கு ஒண்ணும் வேணாம்." முகத்தைச் சுவருக்குத் திருப்பிக்கொண்டார்.

செல்வம்மாள் மனசுக்குள் தன்னையே திட்டிக்கொண்டாள். பரிமளா சொன்னாள் என்று நான் உட்கார்ந்தேனே. அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியுமே.

வாசலுக்கு வந்தாள்.

"மருதாயி, எந்திரி. முடிய முடி. அவரு உசுரோடதான் இருக்காரு."

மருதாயி பாதி அழுகையில் நிறுத்தினாள். "அப்ப எதுக்கு ஊரு சோறு வருது?"

"அந்தா நிக்கிறா பாரு, பலூனைப் புடிச்சிக்கிட்டு. அவளக் கேளு."

"இது பாட்லக், ஆளுக்கொண்ணு கொண்டுவந்து சேந்து சாப்பிடறது" என்றாள் பரிமளா, சத்தமே வராமல். "எல்லா ஊர்லயும் செய்யறாங்க."

"எந்த ஊர்ல, எழவு வுழாமயே சோறு தூக்குறாங்க?" என்றாள் மருதாயி.

செல்வம்மாள் எல்லாப் பாத்திரத்தையும் வெளியே எடுக்கச் சொன்னாள். பொங்கல் வைத்த மண்ணடுப்பு வாசலிலேயே இருந்தது. அதை மாமனாரின் சன்னலுக்கு நேரே நகர்த்தி, சீமைக்கருவேல விறகைத் திணித்து மூட்டினாள். புகை தெருவுக்கும் போனது, சன்னலுக்குள்ளும் போனது. கோழியைப் பிடித்துப் புருஷன் கையில் கொடுத்தாள். "உக்காந்தது போதும், அறு." வந்த குண்டான்களை ஒவ்வொன்றாக அந்த நெருப்பில் ஏற்றி இறக்கச் சொல்லித் தேவயானியை உட்காரவைத்தாள். "எங்க அடுப்புச் சூடு பட்டப்புறம்தான் அது எங்க வூட்டுச் சோறு. அதுவரைக்கும் ஒருத்தி வாயில வைக்கப்படாது."

"நான் என்னக்கா செய்யட்டும்?" என்றாள் பரிமளா.

"ரிலாக்ஸா இந்தச் சின்ன வெங்காயத்த உரி."

உரித்தாள். கண்மை கன்னத்துக்கு வழிந்தது. பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு தட்டிய மருதாயி அதை எட்டிப் பார்த்தாள். "பரவால்ல, இவளுக்குத் தண்ணி நல்லா வருது. எனக்குத்தான் அவ்வளவு அழுதும் ஒரு சொட்டு வரல."

மிளகும் சீரகமும் அரைத்துப் போட்டு, நல்லெண்ணெயில் தாளித்த சாற்றைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு செல்வம்மாள் உள்ளே போனாள். கிழவர் சுவரைப் பார்த்தபடியே இருந்தார். ஆனால் மூக்கு மட்டும் சன்னல் பக்கம் இருந்தது.

"செல்வம்மா."

"சொல்லுங்க மாமா."

"அந்த மருதாயிக்கு யாரு ஒப்பாரி சொல்லிக் குடுத்தது?"

"தெரியலயே மாமா."

"அவ ஆத்தா அழுதா, பாடையத் தூக்குறவன் நின்னு கேட்டுட்டுத்தான் தூக்குவான். இவ என்னமோ அரியலூர் பஸ்ஸுக்கு ஆள் கூப்புடுற மாதிரி கத்துறா. இதக் கேட்டுக்கிட்டு ஒரு மனுசன் எப்படிப் போறது?"

"போவ வேணாம்" என்றாள் செல்வம்மாள். கிண்ணத்தைக் கிட்டே கொண்டுபோனாள்.

கிழவர் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். கிண்ணத்தை வாங்கி ஊதி ஊதிக் குடித்தார். அடியில் கிடந்த ஈரலை விரலால் வழித்துத் தின்றார். கிண்ணத்தை நீட்டினார்.

"இன்னும் ரெண்டு கரண்டி ஊத்து. அவ நல்லாக் கத்துக்கிட்டு வரட்டும், அப்புறம் பாப்போம்."