மேட்டுப்பக்கம் சிவப்பு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என்னிடம் கேட்டது இரண்டு வரி மெசேஜ். காலை பத்து மணியிலிருந்து நான் எழுதிக்கொண்டிருப்பது இந்தக் கதை. மெசேஜ் கேட்டவர் ஆபீஸ் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் என் பேனா நிற்காமல் ஓடுவதைப் பார்த்து, ஜானகியம்மா தனக்காக எவ்வளவு சிரத்தை எடுக்கிறார் என்று நினைத்திருப்பார். பாவம்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "கடலையே பார்த்திராத ஒரு மனிதர் ஒரு பாய்மரப் படகுக்கு விளக்குப் போட்டார்."

[அடித்துவிட்டேன். பெஞ்சில் இருக்கும் மரியஅந்தோணி இரண்டு முறை வேளாங்கண்ணிக்குப் போயிருக்கிறார். கதைக்கு எடுப்பாக இருக்கிறது என்பதற்காக ஒருவர் பார்த்த கடலைப் பிடுங்கிக்கொள்ளக் கூடாது.]

இரண்டாவது தொடக்கம்: "ஆறாயிரம் அடி உயரத்தில் ஒரு படகு நின்றால், அதைப் பார்க்க வருகிறவர்கள்"

இதற்கு மேல் ஓடவில்லை. ஆறு நாளாக மழை. எனக்கு அலுப்பாக இருக்கிறது. இந்த அலுப்பு கதைக்குத் தேவைப்படும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

2

மஞ்சூருக்குப் பக்கத்தில் எங்கள் எஸ்டேட்டின் தேயிலை ஃபேக்டரியை மூடி நான்கு வருடம் ஆகிறது. மெஷின்களை விற்ற பிறகு உள்ளே மிஞ்சியது காலி இடமும் தூள் வாசமும்தான். முதலாளி டக்ளஸ் சாருக்குக் கொச்சியில் ஒரு பழைய பாய்மரப் படகு கிடைத்தது. அங்கே நிறுத்தி வேலை பார்க்க இடமில்லை, இங்கே இடம் சும்மா கிடக்கிறது. லாரியில் ஏற்றி மலைக்கே கொண்டுவந்துவிட்டார். இருபத்திரண்டு அடிப் படகு வளைவு வளைவாக ஏறி வந்ததைப் பார்த்தவர்கள் இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

மரியஅந்தோணி அந்த ஃபேக்டரியின் எலக்ட்ரீஷியன். ஐம்பத்தேழு வயது. அவர் செய்த வயரிங்கைச் சரிபார்க்க அவரைத் திரும்பக் கூப்பிட்டதாக முப்பது வருடத்தில் சரித்திரமே கிடையாது. அந்த ஒரு பெருமையை வைத்துக்கொண்டுதான் ஆள் நடமாடுகிறார்.

"அந்தோணி, படகோட லைட்டெல்லாம் பழசு. எல்.இ.டிக்கு மாத்திருங்க," என்றார் டக்ளஸ் சார். "வேலை சுத்தமா வந்துச்சுன்னா கொச்சில படகு ரிப்பேர் பண்ற யார்டுல உங்களைச் சேத்து விடறேன்."

எஸ்டேட்டை விற்கப் பேச்சு நடக்கிறது. வாங்குகிறவருக்கு மூடிக்கிடக்கும் ஃபேக்டரியின் எலக்ட்ரீஷியன் எதற்கு? அதனால் கொச்சி வேலைதான் அவருக்கு இனி பிழைப்பு. மனைவி ஜெஸிந்தா பாத்திரங்களைக்கூட அட்டைப்பெட்டிகளில் கட்டி வைக்க ஆரம்பித்துவிட்டார்.

கழற்றிய பாய்மரம், மேலே இலை வாட்டும் மாடியில் நீளமாகக் கிடந்தது. அதன் உச்சிக்கு ஒரு வெள்ளை விளக்கு, நடுவில் கீழே டெக்கைப் பார்த்து ஒரு விளக்கு. மரத்துக்குள் ஓடிய பழைய வயரின் நுனியில் புது வயரைக் கட்டி, குழந்தைக்குத் தலை வாருகிற பொறுமையோடு கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தார். மூட்டு ஒவ்வொன்றுக்கும் தண்ணீர் புகாத உறை போட்டார். உப்புக்காற்று பொல்லாதது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, போட்ட உறைக்கு மேல் இன்னொரு உறையும் போட்டார்.

கடைசியாக, படகின் மூக்கில் இரண்டு விளக்கு. இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை. இருட்டில் வருகிற கப்பல்காரன் அந்த நிறத்தைப் பார்த்துத்தான் படகு எந்தத் திசையில் போகிறது, தான் எப்படி விலக வேண்டும் என்று தெரிந்துகொள்வான். நிறம் மாறியிருந்தால், விலகுகிறோம் என்று நினைத்தே வந்து மோதுவான்.

3

எங்கள் பக்கத்தில் இடது வலது என்பதெல்லாம் பல் டாக்டரிடம் பேசும்போது மட்டும்தான். மற்றபடி எல்லாமே மேட்டுப்பக்கம், பள்ளத்துப்பக்கம். மேட்டுப்பக்க ஜன்னல், பள்ளத்துப்பக்க மோட்டார். சரிவில் வாழ்கிறவர்களுக்கு மலைதான் திசை.

பெயின்ட் அடிப்பதற்காகப் பழைய விளக்குகளைக் கழற்றியபோது படகின் மூக்கு சுவரைப் பார்த்து நின்றது. மரியஅந்தோணி நோட்டில் எழுதினார்: "சிவப்பு – மேட்டுப்பக்கம். பச்சை – பள்ளத்துப்பக்கம்." அன்றைக்கு அது சரி.

பிறகு அவர் மாடியில் பாய்மரத்தோடு மூன்று நாள் இருந்தார். அந்த மூன்று நாளுக்குள் படகைத் திருப்பி, மூக்கு வாசலைப் பார்க்கும்படி நிறுத்தியிருந்தார்கள்.

[யார் திருப்பினார்கள் என்பதை இப்போதைக்கு விட்டுவிடுகிறேன்.]

இறங்கி வந்த மரியஅந்தோணி அதைக் கவனிக்காமல் இல்லை. வாசல் வெளிச்சம் மூக்கில் விழுகிறது, வேலைக்கு வசதி என்று சந்தோஷம்கூடப் பட்டார். நோட்டைப் பிரித்தார். மேட்டுப்பக்கம் சிவப்பை மாட்டினார். முப்பது வருடத்தில் அவர் வயர் இழுத்த எந்த மெஷினும் திரும்பி நின்றதில்லை. எல்லாம் தரையோடு போல்ட் போட்டு முடுக்கியவை.

பேட்டரியைக் கொடுத்துப் பார்த்தார். எல்லா விளக்கும் பளிச்சென்று எரிந்தன. செவ்வாய்க்கிழமை படகு கொச்சிக்கு லாரி ஏறியது.

3 (மறுபடியும்)

இந்த இடத்தில் "ஆபீஸ் கிளார்க் ஒருத்தி" என்று ஒரு பாத்திரம் வந்தாள். பிடிக்கவில்லை. எந்நேரமும் அலுத்துக்கொள்கிறாள், கதைக்கும் உபயோகமில்லை. எடுத்துவிட்டேன்.

4

நேற்று மரியஅந்தோணி ஊட்டிக்குப் போய்விட்டு பஸ்ஸில் திரும்பினார். கண்டக்டர் முத்துராஜ் பழகியவன், சும்மா இருக்க மாட்டான்.

"ஏனுங்கண்ணா, காலைல அந்த வரிசைல உக்காந்தீங்க, இப்ப இந்த வரிசைக்கு வந்துட்டீங்க?"

"நான் எப்பவும் மேட்டுப்பக்கந்தானுங்க. பள்ளத்தைப் பாத்தா தலை சுத்தும்."

"அதுசரி. பஸ்ஸு திரும்புனா மேடும் கூடவே திரும்புமாங்க?"

மரியஅந்தோணி சிரிக்க வாயெடுத்தார். சிரிப்பு வரவில்லை. நோட்டு, படகு, வாசல் வெளிச்சம் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. படகைத் திருப்பியபோதே மேடு அதன் வலப்பக்கமாகிவிட்டது. மேட்டுப்பக்கம் உட்கார்ந்தும் அவருக்குத் தலை சுற்றியது. இரண்டு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி, மழையில் நடந்தே வீட்டுக்குப் போனார். ஜெஸிந்தா கட்டி வைத்திருந்த அட்டைப்பெட்டிகளைப் பார்த்ததும் அவருக்கு அழுகை வந்தது.

இன்று காலை ஆபீஸ் திறக்கும் முன்பே வந்து நின்றார்.

"ஏனுங்கம்மா, படகை யாருங்க திருப்புனது?"

"லோடுமேன்க," என்றேன்.

"சரிங்க. அவிங்க என்ன பண்ணுவாங்க. நோட்டுல எழுதுனவன் நானு, தப்பு என்னோடதுதானுங்க." பெஞ்சுப் பக்கம் போனவர் திரும்பி வந்து சொன்னார்: "நாளைக்குச் சாயங்காலம் சாரும் அவரு சம்சாரம் ஈவ்லின் அம்மாவும் படகைத் தண்ணில எறக்கி, ராத்திரியே கெளம்பறாங்க. போன்ல சொன்னா எனக்கு வாய் குளறுதுங்க, சாரும் முழுசாக் கேக்கமாட்டாரு. நீங்க நல்லா எழுதுவீங்க. என் பேருல ரெண்டு வரி எழுதி அனுப்பிருங்க."

"யார் தப்புன்னு எதுக்கு? லைட் மாறியிருக்கு, மாத்திக்குங்கன்னு மட்டும் எழுதறேனே."

"வேண்டாமுங்க. எப்படி மாறுச்சுன்னு தெரியாட்டி மிச்ச லைட்டையும் நம்பமாட்டாங்க. நம்பாத லைட்டை வெச்சுக்கிட்டு எப்படிங்க கடலுக்குப் போறது?"

5

முடிவுகள் சிலவற்றை யோசித்தேன்.

அ) அவர் பேரில் மெசேஜ் போகிறது. படகு தப்பிக்கிறது. கொச்சி வேலை போகிறது. அட்டைப்பெட்டிகளை ஜெஸிந்தா ஒவ்வொன்றாகப் பிரிக்கிறார்.

ஆ) டக்ளஸ் சார் பெருந்தன்மையாக மன்னித்து [இதை நானே நம்பவில்லை.]

இ) நான் எடுத்துப்போட்ட கிளார்க்கைத் திரும்பக் கூப்பிடுவது.

சரி, கூப்பிடுகிறேன். திங்கட்கிழமை லாரிக்காரர் போன் பண்ணி, படகின் மூக்கு வாசலைப் பார்த்து இருக்க வேண்டும் என்றார். டக்ளஸ் சார் முன்பே சொல்லியிருந்தார்: "ஜானகி, அந்தோணிகிட்ட சொல்லாம படகைத் திருப்பாதீங்க." ஆறு ஆட்களை வைத்துத் திருப்பியவள் நான். அந்தோணி மாடியில் இருந்தார். இருபத்து நான்கு படி. எனக்கு முட்டி வலி, மழை வேறு. அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று டீ குடிக்கப் போய்விட்டேன். அப்புறம் சொல்லவே இல்லை.

எஸ்டேட்டை வாங்குகிறவர் ஒரு கிளார்க்கை மட்டும் வைத்துக்கொள்வாராம். அது யார் என்பது டக்ளஸ் சாரின் ஒரு வார்த்தையில் இருக்கிறது. அதற்குத்தான் இத்தனை பக்கம். ஒரு மனிதரைக் கதையில் நல்லவராக எழுதிவிட்டால் அவருக்குச் செய்த துரோகம் கொஞ்சம் குறையும் என்று பார்த்தேன். அவர் நல்லவராக ஆக ஆக எனக்குத்தான் வெட்கமாக இருக்கிறது.

6

மெசேஜ் போனில் இருக்கிறது. கதையைப்போல் அல்ல, அடித்தல் திருத்தல் எதுவும் இல்லை:

"சார், படகின் முன்விளக்குகள் இரண்டும் இடம் மாறியுள்ளன. சிவப்பு இடப்பக்கம் வர வேண்டும். மாற்றாமல் இரவில் கடலுக்குப் போக வேண்டாம். மற்ற விளக்குகள் எல்லாம் சரி. படகைத் திருப்பிய பிறகு பழைய குறிப்பைப் பார்த்து மாட்டியதால் இப்படி ஆகிவிட்டது. தப்பு"

இதற்கு அடுத்து ஒரு பேர் வர வேண்டும். அவ்வளவுதான் பாக்கி.

மரியஅந்தோணி கண்ணாடியைத் தட்டி, முடிந்ததா என்று கையால் கேட்கிறார். வெறும் வயிற்றோடு வந்திருப்பார், நான் ஒரு டீகூட வாங்கிக் கொடுக்கவில்லை. இதோ என்று தலையாட்டுகிறேன். இவ்வளவு தூரம் என்னோடு வந்துவிட்டீர்கள். ஒரே ஒரு பேர், அதை நீங்கள் சொல்லுங்கள். சீக்கிரம், அவர் கதவைத் திறக்கிறார்.