அந்தோனியாரின் முதுகு

மகள் மேனுகாவின் வயிற்றில் பிள்ளை குறுக்காகக் கிடக்கிறது என்று ஸ்கானில் தெரிந்த அன்றே றோசம்மா நேர்த்தி வைத்துவிட்டாள். அந்தோனியார் திருநாளுக்கு முந்திய நவநாள் பூசைகள் ஒன்பதையும் அவள் ஒரு பராக்குமில்லாமல், முழு மனதோடு காண்பது. அந்தோனியார் பிள்ளையைத் திருப்பிவிடுவது. ஆளுயர மெழுகுதிரி ஒன்று நேர்ந்திருக்கலாம். இதுதான் லேசு என்று நினைத்தாள்.

அவளுக்கு ஒரு குணம் இருந்தது. சாய்ந்து நிற்கிற எதைக் கண்டாலும் கை துருதுருக்கும். செத்தவீட்டுக்குப் போனாலும் சுவரில் கோணலாகத் தொங்கும் படத்தை நேராக்கிவிட்டுத்தான் அழத் தொடங்குவாள். நாரந்தனைக்கு அப்பால் கடலைப் பார்த்து நிற்கும் அந்தச் சின்னக் கோயிலின் பீடத்தைப் பதினெட்டு வருடமாக அவளே சோடித்து வந்தாள். இந்த வருடம் புதிதாக வந்த மிரோஜன் சுவாமி, எல்லாருக்கும் பங்கு வேண்டும் என்று, ஒன்பது நாளை ஒன்பது வட்டாரத்துக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டார். றோசம்மாவின் வட்டாரத்துக்குக் கடைசி நாள்.

முதல்நாள் அந்தோனியாரின் தலையைச் சுற்றிச் சிவப்பும் நீலமுமாக மின்குமிழ்கள் ஓடின. கொத்துரொட்டிக் கடை வாசலில் ஓடுகிற அதே வேகம். இரண்டாம் நாள் பலூன்கள். ஒன்றில் ‘ஹப்பி பேர்த்டே’ என்று எழுதியிருந்தது. அது சுவாமி அப்பத்தை உயர்த்துகிற எழுந்தேற்ற நேரம் பார்த்து வெடித்தது. மூன்றாம் நாள் அடுத்த தெரு றஞ்சனியின் வட்டாரம். பலூனுமில்லை, மின்குமிழுமில்லை, பீடத்தின் இரு பக்கமும் இரண்டு பூச்சாடிகள் மட்டும். ஆனால் இடப்பக்கத்துச் சாடி மற்றதைவிட நாலு விரல் முன்னுக்கு நின்றது. பலூனை அறியாமை என்று மன்னிக்கலாம். இதை மன்னிக்க முடியவில்லை. கிட்டத்தட்டச் சரியாக இருந்ததுதான் அவளை வதைத்தது. பூசை முடிந்தபோது, மேனுகாவின் பெயரை ஒருதரம்கூட நினைக்கவில்லை என்பது றோசம்மாவுக்கு உறைத்தது.

நாலாம் நாள் காலையில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள்.

"சுவாமி, பூசை காணேக்க என்ர கண் பூச்சாடியிலயே நிக்குது."

"பூச்சாடி களவு போட்டுதோ, அம்மா?"

"இல்லைச் சுவாமி. நாலு விரல் முன்னுக்கு நிக்குது."

தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு இருமல் வந்தது. பிறகு சுவாமி, கண்ணில் உறுத்துகிற எதுவோ அதையே ஆண்டவருக்கு ஒப்புக்கொடுக்கச் சொன்னார். றோசம்மா சொன்னபடி செய்தாள். ஆண்டவரே, றெஜிபோம் அட்டையில் வெட்டிய இந்த மீனை உமக்கு ஒப்புக்கொடுக்கிறேன். இந்த ஊதாக் கடதாசிப் பூக்களையும், அவற்றில் கழற்ற மறந்த விலைச் சீட்டையும் ஒப்புக்கொடுக்கிறேன். ஒப்புக்கொடுத்து முடிக்கவே பூசை முடிந்துவிடும். எட்டாம் நாள் வீட்டுக்கு நடக்கும்போது அவளுக்கே சந்தேகம் வந்தது. அந்திக் கடலுக்கு இவ்வளவு நிறம் கொடுத்தவருக்கு இந்த ஊதா பிடிக்குமா? உடனே இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. ஊதிப் பெருத்து முள்ளோடு நிற்கும் பேத்தை மீனையும் அவர்தானே படைத்தார்.

ஒன்பதாம் நாள் அவள் விட்டுக்கொடுக்கவில்லை. மேனுகாவின் கலியாண மேடைக்குக் கட்டிய வெள்ளைத் துணி அலுமாரியில் இருந்தது. அதைக் கூரை வளையிலிருந்து நிலம்வரை, சொரூபத்துக்குப் பின்னால், மடிப்பு மடிப்பாக இறக்கினாள். முன்னால் நந்தியாவட்டைப் பூ. நூல் பிடித்து வைத்த பூச்சாடிகள். ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்ற புருஷன் அருளப்பு, கடலுக்குப் போகிற ஆள், துணியையும் கதவில்லாத கடற்பக்கத்து யன்னல்களையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இஞ்சேரும், இது சோடினை இல்லை. பாய். சோளகக் காத்து எழும்பினால் கோயிலும் வெளிக்கிட்டுடும்."

உங்களுக்கு எதைப் பார்த்தாலும் வள்ளம்தான் என்று அவள் வாயை அடைத்துவிட்டாள்.

பூசை தொடங்கியது. பீடம் உண்மையிலேயே அழகாக இருந்தது. முதலாம் வாசகத்தில் துணியின் மடிப்புகளை எண்ணினாள். பதினாறும் ஒரே அளவு. இரண்டாம் வாசகத்தில், பின்வரிசை வாங்கில் இருந்த பெண்கள் குசுகுசுத்தது தன் சோடினையைப் பற்றித்தானா என்று காது கொடுத்தாள். சுவிசேஷத்துக்கு எழும்பியபோதுதான் அவளுக்கு அது பிடிபட்டது. எட்டு நாள் வடிவில்லாத சோடினையைப் பார்த்துச் செபத்தை விட்டாள். இன்றைக்கு வடிவைப் பார்த்து விட்டிருக்கிறாள். அப்படியென்றால் பூச்சாடி ஒரு குற்றமும் செய்யவில்லை.

சுவிசேஷம் முடிந்து எல்லாரும் இருந்த பிறகு சோளகம் எழும்பியது.

அந்தோனியார் மீன்களுக்குப் பிரசங்கம் செய்த கதையைச் சுவாமி சொல்லிக்கொண்டிருந்தார். துணி ஒருமுறை மூச்சு இழுத்தது. ஓர் ஆணி கழன்றது. பிறகு முழுத்துணியும் பொம்மிக்கொண்டு முன்னால் வந்து சுவாமியைத் தலையிலிருந்து கால்வரை மூடியது. ஒலிவாங்கி கையில் இருந்ததால் பிரசங்கம் உள்ளே தொடர்ந்து நடந்தது. மூன்றாம் வாங்கிலிருந்த அருளப்பு, வலையில் பெரிதாக ஏதோ பட்டதுபோல, பழக்கத்தில் பாதி எழும்பிவிட்டான்.

றோசம்மா குனிந்தபடி ஓடினாள். சொரூபத்தின் பின்னால் புகுந்து துணியை இழுத்தெடுத்து, இரண்டு தலைப்பையும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். விட்டால் திரும்பவும் பறக்கும். பூசை முடியும்வரை அங்கேயே நிற்க வேண்டியதுதான்.

அங்கேயிருந்து பீடம் தெரியவில்லை. பூச்சாடி தெரியவில்லை. தெரிந்தது அந்தோனியாரின் முதுகு மட்டும். பதினெட்டு வருடத்தில் அவள் அதைப் பார்த்ததேயில்லை. வர்ணம் பூசாத வெறும் சாந்து. நீலப் பென்சிலால் யாரோ போட்ட இலக்கம். இடுப்பில் துருப்பிடித்த கம்பி, கழுத்தில் ஒரு குளவிக்கூடு. அவர் முன்னால் ஏந்தி நிற்கும் குழந்தை யேசுவில், முழங்கைக்கு மேலாக ஒரு சின்னப் பாதம் மட்டும் எட்டிப் பார்த்தது.

இதில் எதை நேராக்குவது? இரண்டு கையும் துணியில்.

"அந்தோனியாரே, பிள்ளையை எப்பிடிப் பிடிக்கிறதெண்டு உமக்குத் தெரியும்" என்று அவள் அந்த முதுகுக்கு மெல்லச் சொன்னாள். "என்ர பிள்ளையின்ர பிள்ளையையும் ஒருக்காத் திருப்பிவிடும்."

அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். மணி அடித்ததும் பாட்டுப் பாடினதும் எங்கோ கேட்டன. நற்கருணையோடு சுவாமி பின்பக்கம் வந்து நின்றபோதுதான் இவ்வளவு நேரம் போய்விட்டதென்று தெரிந்தது. துணியை விடாமல் நாக்கை நீட்டினாள். சுவாமி சிரிப்பை அடக்கியதைக் கண்டாள். அவளுக்குக் கோபம் வரவில்லை.

ஒன்பதில் ஒன்றுதான் தேறியது. அதுவும் பாதிப் பூசை. அந்தோனியார் கணக்கில் கறாரான ஆள் என்றால் மேனுகாவின் பாடு என்ன? நாலு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஐந்தாம் நாள் மேனுகா யாழ்ப்பாணத்திலிருந்து ஃபோன் எடுத்தாள். "அம்மா, பிள்ளை திரும்பிட்டுது. தலை கீழ்ப்பக்கம் வந்திட்டுதாம். முகத்தைப் பாப்பமெண்டு ஆசைப்பட்டனான், ஸ்கானில காட்டவேயில்லை. முதுகுதான் தெரிஞ்சது."

றோசம்மா குசினிக் கதிரையில் தொப்பென்று இருந்தாள்.

"முதுகு போதும், பிள்ளை" என்றாள்.