சொல்லாமல் சுட்ட தட்டு

கோபக்காரி என்று எனக்கு ஊரெல்லாம் பெயர். அன்று அந்தக் கோபம்கூட வரவில்லை. செத்திருக்க வேண்டிய பருத்தி நாற்றுகள் முப்பதும் ஆய்வகத் தட்டில் பச்சைப்பசேல் என்று நின்றன.

ராஜபாளையத்தில் கல்லூரி ஆசிரியை நான். நான்கு வருட முனைவர் பட்ட ஆய்வு அந்தத் தட்டில்தான் இருந்தது. செல்லைச் சுற்றிய சவ்வு கொழுப்பால் ஆனது. வெதுவெதுப்புப் பட்டால் உறைந்த நெய் போல நெகிழும். உடனே சில கொழுப்பு மூலக்கூறுகள் கழன்று உட்கருவுக்குச் சேதி கொண்டுபோகும். தூங்கிக் கிடக்கும் வெப்ப மரபணுக்கள் விழித்துக்கொண்டு, காக்கும் புரதங்களை உண்டாக்கும். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வரும்போது மலை கூடவே வரும். நான் அதைப் பார்க்காமல், அந்தச் சேதியோடு ஒரு செல்லுக்குள் மிதந்துகொண்டிருப்பேன். எத்தனை தடவை இறங்குமிடத்தைத் தவறவிட்டிருக்கிறேன்!

ஒரு மணி நேரம் இளஞ்சூடு காட்டிவிட்டு நாற்பத்தைந்து டிகிரிச் சூட்டுப் பெட்டிக்குள் வைத்த தட்டு பிழைக்க வேண்டும். நேராக அதே பெட்டிக்குள் வைத்த தட்டு சாக வேண்டும். இரண்டும் பிழைத்தால் என் ஆய்வு குப்பைக்குத்தான்.

"ஏட்டி இருளம்மா, இந்தத் தட்டை யாரு தொட்டா?"

ஆய்வக உதவியாளர் இருளம்மாள், வன்னியம்பட்டிப் பள்ளியில் என் பக்கத்து இடத்துக்காரி. ஆள் இருந்தால் என்னை மேடம் என்பாள்.

"நான்தான். ஜன்னல் வெயில்ல ஒரு மணி நேரம் வச்சிட்டுப் பொறவுதான் பெட்டிக்குள்ள வச்சேன்."

"எதுக்குட்டி?"

"எடுத்ததும் அம்புட்டுச் சூட்டுக்குள்ள தள்ளுனா பாவமில்லையா? நான் முன்ன வேலை பாத்த மில்லுல புதுசா வாரவளை வாசல்ல நிக்கவச்சு, உடம்பு பழகுன பொறவுதான் உள்ள விடுவோம்." குரல் இறங்கியது. "பெத்தம்மாளை மட்டும் நான் நிக்க வைக்கல. லேட்டாயிருச்சுன்னு இழுத்துட்டுப் போயிட்டேன்."

பெத்தம்மாள் அவள் தங்கை. முதல் நாளே மிஷின் பக்கத்தில் சூடு தாங்காமல் விழுந்தவள் எழுந்திருக்கவில்லை. அவள் சாவுக்குத் துட்டி கேட்க நானும் போயிருந்தேன்.

 என் ஆய்வு பொய்யில்லை, ஜன்னல் வெயில்தான் சேதி சொல்லியிருக்கிறது. ஆனால் அதை நிரூபிக்க ஒரு தட்டு, சேதி போகாமல் செத்தாக வேண்டும்.

அடுத்த வாரம் புதுத் தட்டு எடுத்தேன். "செத்த நேரம் வெளிய போயிரு இருளம்மா" என்றேன். அவள் போகவில்லை. நானே பெட்டிக் கதவை மூடினேன்.

நாற்றுகள் முப்பதும் துவண்டு விழுந்தன. இளஞ்சூடு கண்ட தட்டு நிமிர்ந்து நின்றது. நான்கு வருடமாக நான் ஏங்கிய முடிவு.

இருளம்மாள் செத்த நாற்று ஒன்றை உள்ளங்கையில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"அந்த ஒரு மணி நேரம் நிக்க வச்சிருந்தா எந் தங்கச்சி பொழச்சிருப்பா, என்ன?"

"செடி வேற, மனுஷி வேறட்டி."

அவள் நம்பவில்லை. எனக்கு அழுகை வந்தது. என் ஆய்வு பொய்யாக இருந்திருக்கக் கூடாதா என்று அன்றைக்குத்தான் முதன்முதலாக நினைத்தேன்.