கண்ணாடிக்கடையின் வெள்ளைப் பக்கம்

"இது என் மச்சினன் வேலைதான். அதை மட்டும் கண்டுபிடிச்சு எழுதிக் குடுங்க" என்றார் மூக்குக்கண்ணாடிக் கடை முதலாளி. என்னைக் கூப்பிட்டது வெப்சைட்டைச் சரிசெய்ய. சாட்சி சொல்ல அல்ல. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனாலும் அடக்கிக்கொண்டேன்.

எட்டு நாளாக ஆர்டர் போடும் பக்கம் வெறும் வெள்ளையாக நிற்கிறது. அது வெள்ளையான அன்றைக்குத்தான், வெப்சைட்டைக் கவனித்துக்கொள்ளும் மச்சினன் டாக்டர் சீட்டை அனுப்புவதற்கான புது ப்ளகினை, அதாவது வெப்சைட்டோடு சேர்க்கும் துணை நிரலை, மாட்டினான். அன்றைக்குத்தான் இருவருக்கும் வாய்த்தகராறும். இன்று காலை அவனைக் கடைப் படி ஏறக் கூடாது என்று சொல்லியாயிற்று. நான் எழுதிக் கொடுத்துவிட்டால் அவன் வீட்டுப் படியும் ஏற முடியாது.

உள்ளே லென்ஸ் தேய்க்கும் மெஷினை நிறுத்திவிட்டு அவர் மனைவி எட்டிப் பார்த்தார். "என் தம்பி அப்படிப்பட்டவன் இல்லம்மா."

உண்மையைச் சொன்னால் எனக்கும் அவன்மேல்தான் சந்தேகம். போனில் சர்வர் பாஸ்வேர்டைக் கேட்டதும் சொல்லிவிட்டான். அவ்வளவு சுலபமாகச் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை.

வெப்சைட்டுக்குள் முதலாளியின் பெயரில் நுழைந்தேன். பக்கத்தின் தோற்றத்தை மாற்றிப் பார்த்தேன், வெள்ளை அப்படியே. பதினேழு ப்ளகின்களையும் அணைத்தேன்; பக்கம் வந்தது. மச்சினனுடையதை மட்டும் போட்டேன். நன்றாகவே ஓடியது. எனக்கே கொஞ்சம் வெட்கமாகிவிட்டது. மற்றவற்றை ஒவ்வொன்றாகப் போட்டேன். முதலாளி பின்னால் நின்று என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினான்காவதைப் போட்டதும் வெள்ளை.

"உங்க மச்சினனோடதும் இதுவும் தனித்தனியா நல்லதுதான் சார். சேர்ந்தாத்தான் முட்டிக்குது. இதை யார் போட்டது?"

யார் எப்போது நுழைந்தார்கள், எதைத் தொட்டார்கள் என்று குறித்துவைக்கும் ப்ளகின் அது. முதலாளி சுவரைப் பார்த்தார்.

"நான்தான். சண்டை போட்ட அன்னைக்கு. அவன் என்ன பண்றான்னு பாக்கணும்ல?"

குறிப்புகளைத் திறந்தேன். மச்சினன் முப்பத்தொரு தடவை நுழைந்திருந்தான்.

"பாத்தீங்களா! இதுக்குத்தான் சொன்னேன்!"

மனிதர் எண்ணிக்கையை மட்டும்தான் பார்த்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும் அவன் நான் செய்ததையேதான் செய்திருந்தான். ஆனால் பதினாறை மட்டும். தான் போட்ட இந்த ஒன்றை மட்டும் அவன் கண்ணில் படாதபடி இவர் மறைத்துவைத்திருந்தார். அது தெரியாமல் பாவி மகன், தப்பு தன்னுடையதுதான் என்று நம்பி, தன் ப்ளகினையே எட்டு நாளும் திருத்திக்கொண்டிருந்திருக்கிறான்.

அதைச் சத்தமாகவே படித்தேன். உள்ளே மெஷின் சத்தம் நின்றிருந்தது. அவர் மனைவி எப்போது வந்து பக்கத்தில் நின்றார் என்று தெரியவில்லை.

"இந்த மாதிரி என் போன்லயும் ஏதாச்சும் போட்டு வச்சிருக்கீங்களா?"

"ச்சே, என்ன பேச்சு இது?" என்றார் முதலாளி. மனைவியின் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார்.

அந்த அம்மா இடுப்பிலிருந்து போனை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"இதையும் கொஞ்சம் பாத்துக் குடும்மா."