கண் மூடாத படம்

...அதுவும் என் ஊரை எனக்கே சுற்றிக் காட்டுவதற்கு ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய், சாப்பாடு தனி, இதை யாரிடம் சொல்லிச் சிரிப்பது, இருபத்திரண்டு வருஷமாக இந்தத் திண்டுக்கல்லில் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு திரிகிறேன், நாகல் நகரில் இந்த ஸ்டுடியோவைத் திறந்தே பதினேழு வருஷம் ஆகிறது, எந்த மண்டபத்தில் எந்த மூலையில் வெளிச்சம் விழும், எந்த மண்டபத்து சீரியல் லைட்டில் மாப்பிள்ளை முகம் பச்சையாகிவிடும் என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்வேன், எனக்குப் போய் மெட்ராஸிலிருந்து ஒருத்தர் வந்து மலைக்கோட்டையைக் காட்டப் போகிறாராம்... சதாமுக்கு வேறு வேலை இல்லை. கல்யாணங்களுக்கு டிரோன் பறக்கவிட என்னோடு வருகிறவன், அதை வாங்கிய நாளிலிருந்து அவன் காலும் தரையில் படுவதில்லை. காலையில் ஒரு பிடிஎஃப் அனுப்பி, கூடவே வாய்ஸ் மெசேஜ். "மோகண்ணே, போட்டோ டூர்ணே, ரெண்டு நாளு. பாண்டியராஜ் சாரே கூட நடந்து வாராரு, எப்படிப் பாக்கணும்னு சொல்லித் தாராராம். நான் எனக்குச் சீட்டுப் போட்டுட்டேன். இன்னும் ஒன்னுதான் கெடக்கு, பன்னெண்டு மணிக்குள்ள சொல்லுங்க." எப்படிப் பார்க்க வேண்டுமாம். கண் இருக்கிறவனுக்குப் பார்க்கச் சொல்லித்தர ஒரு ஆள், அதற்கு ஒரு கட்டணம்.

ஆனாலும் பிடிஎஃப்பைத் திறந்தேனே, ஏன் திறந்தேன்? சொன்னால் வெட்கம், ஆசை இருக்கத்தான் செய்தது. எத்தனை வருஷம்தான் பொண்ணு மாப்பிள்ளையை எதிரெதிரே நிறுத்தி, நெற்றியோடு நெற்றி ஒட்டச் சொல்லி, "அண்ணே, போன்ல பாத்த மாதிரியே வேணும்ணே" என்று அவர்கள் காட்டுகிற படத்தையே திரும்ப எடுத்துக் கொடுப்பது. எல்லாம் அந்த மெட்ராஸ் பாண்டியராஜ் எடுத்த படங்கள், முதல் பக்கம் மலைக்கோட்டை, விடிகிற நேரம், சரி, நன்றாகத்தான் இருக்கிறது. இரண்டு, மூன்று பூ மார்க்கெட், சம்பங்கி மூட்டையின் மேல் உட்கார்ந்து டீ குடிக்கிற ஆள், பரவாயில்லை, இதை நானே எடுத்திருப்பேன், எடுக்கவில்லை என்பது வேறு விஷயம். மணி பதினொன்று பத்து. போகலாமா, வேண்டாமா, முகூர்த்த நாளும் இல்லை, இரண்டு நாள் கடையைச் சாத்தினால் குடி முழுகிவிடாது, ஆனால் அங்கே வருகிற ஐடி பையன்கள் ஆளுக்கொரு பெரிய லென்ஸோடு நிற்பார்கள், "நீங்க என்ன சார் பண்றீங்க" என்பார்கள், "பாஸ்போர்ட் சைஸ் எடுக்கிறேன் தம்பி" என்பேன்... ஏழாம் பக்கத்தில் ஒரு அம்மா. சின்னாளப்பட்டி, 2009 என்று கீழே சின்ன எழுத்து. வாசல் நிலையில் சாய்ந்து உட்கார்ந்து சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கிறார், மடியில் வெள்ளைத் துணி, வாயோரம் நூல், ஒரு பக்கத்து வெயில் மட்டும் முகத்தில், பிளாஷ் இல்லை. நல்ல முகம் என்று நினைத்தேன். ஆமாம், அப்படித்தான் நினைத்தேன், நல்ல முகம், யாரோ ஒரு அம்மா, கண் என்ன அழகாகச் சிரிக்கிறது, இடது கண் கொஞ்சம் சின்னது, அதுகூட ஒரு அழகுதான், கூர்மை எப்படி என்று பார்ப்போம் என்று தொழில் புத்தியில் இரண்டு விரலால் பெரிதாக்கினேன், முகம் விலகிக் கை வந்தது, இடது கை, கட்டைவிரல், நகம் நடுவில் பிளந்து இரண்டாக...

அந்த நகம் எனக்குத் தெரியும். அம்மிக்குழவி விழுந்து பிளந்தது, அதற்குப் பிறகு ஒட்டவே இல்லை, தலையில் எண்ணெய் தேய்க்கும்போது அதன் ஓரம் கீறும், நான் கத்துவேன். அம்மா. இது அம்மா. அந்தப் பச்சை நிலை எங்கள் வீட்டு நிலை. போனை மேஜையில் வைத்துவிட்டேன், திரும்ப எடுத்தேன், நகத்திலிருந்து மறுபடி முகத்துக்கு நகர்த்தினேன், அப்போதும் பாருங்கள், அப்போதும் அந்த முகம் யாரோ மாதிரியே இருந்தது, கை அம்மாவுடையது, முகம் யாரோ. ஐயோ, என்ன மனுஷன் நான். ஒரு பெரியப்பா முகத்தையோ எதிர்வீட்டுக்காரர் முகத்தையோ மறந்தால் சரி, அம்மா முகம். முகம் பார்த்துப் பிழைப்பவன். அரை நிமிஷம் முழுசாக அம்மாவைப் பார்த்துவிட்டு, யாரோ ஒரு அம்மா, வெளிச்சம் பிரமாதம் என்று நினைத்தவன்.

"அண்ணே, பேங்குக்கு போட்டோ வேணும், ஒடனே கெடைக்குமா?" என்று ஒரு பெண் வந்து நின்றதும் எழுந்துவிட்டேன், எழுந்ததை எண்ணி இப்போது ஆச்சரியமாக இருக்கிறது, கால் தானாக நடந்தது, ஸ்டூலைக் காட்டினேன், நாடியைக் கொஞ்சம் கீழே, தோளை நேராக, பிளாஷ் அடித்தேன், கண்ணை மூடிவிட்டார். மறுபடி. மறுபடியும் மூடினார். "ஏம்மா, செத்த நேரம் கண்ணத் தொறந்து வச்சாத்தான் என்ன?" என்று வாயில் வந்தது, இதே வார்த்தை, இதே எரிச்சல், அக்கா கல்யாணத்தில் அத்தனை பேர் முன்னால் மணமேடையில் வைத்து அம்மாவிடம் சொன்னது. அப்போது நான் ஒரு ஸ்டுடியோவில் உதவிக்கு இருந்தேன், புதிய பிளாஷ், அதைக் கையில் பிடித்திருந்த கர்வம் வேறு. அம்மா சிரித்தது. "வெளிச்சம் பட்டுனு மூஞ்சில அடிக்குதுடா அப்பு, கண்ணு தானா மூடுது, நான் என்ன செய்ய?" ஒவ்வொரு படத்திலும் மூடியது. ஆல்பம் முழுக்க அம்மா கண்ணை மூடிக்கொண்டுதான் நிற்கிறது. பிளாஷை அணைத்துவிட்டு ஒரு படம், ஒரே ஒரு படம் எடுக்கலாம் என்று எனக்குத் தோன்றியதா, தோன்றவில்லை, அம்மாவுக்குப் போட்டோவுக்கு நிற்கத் தெரியவில்லை என்று ஊரெல்லாம் கேலி பேசினேன். இந்தப் பெண்ணுக்கு பிளாஷை அணைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் ஸ்டூலைத் திருப்பிப் போட்டு எடுத்தேன். கண் திறந்திருந்தது. எட்டுப் படம் அச்செடுத்துக் கவரில் போட்டுக் கொடுத்தேன், பதினொன்று முப்பத்தைந்து.

இரண்டாயிரத்துப் பதினொன்றில் அம்மா போய்ச் சேர்ந்தபோது, கண் திறந்த படம் என்று வீட்டில் ஒன்றுகூட இல்லை. வாக்காளர் அட்டையில் பாதிக் கண். காரியத்துக்கு ஃபிளெக்ஸ் வேண்டும், பூஜை அறைக்கு மாலை போட்ட படம் வேண்டும், கண்ணை மூடிய படத்தைச் சுவரில் மாட்டுவார்களா யாராவது? எனக்கு அது தினப்படி வேலை. யார் வீட்டில் சாவு விழுந்தாலும் கல்யாணப் படத்திலிருந்து தலையை வெட்டுவேன், கூலி வேலை செய்த பெரியவருக்குக் கோட்டு மாட்டிவிடுவேன், மூடிய கண்ணுக்கு மகன் கண்ணையோ தம்பி கண்ணையோ எடுத்து ஒட்டுவேன், ரத்த சொந்தத்தில் எடுத்தால்தான் பொருந்தும் என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். வீட்டுக்காரர்கள் பார்த்துவிட்டு "அப்படியே உசுரோட இருக்காக" என்று அழுவார்கள். அம்மாவுக்கும் அதையேதான் செய்தேன். அக்கா சண்முகவள்ளியின் கல்யாணப் படத்திலிருந்து இரண்டு கண்ணை எடுத்தேன், மையைக் கொஞ்சம் அழித்தேன், ஓரத்தில் இரண்டு சுருக்கம் வரைந்தேன், அழுதுகொண்டே செய்தேன், ஆனால் நன்றாக வந்துவிட்டது என்று உள்ளுக்குள் ஒரு பெருமையும் இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். இரண்டு கண்ணும் ஒரே அளவு. இடது கண் சின்னது என்பது எனக்கு அன்றைக்கே மறந்திருந்ததா, அல்லது அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் மறந்ததா? பதினைந்து வருஷமாக நான் அம்மா என்று நினைத்துக் கும்பிட்டது என் கைவேலையைத்தான்.

இப்போது என்ன செய்ய? பிடிஎஃப்பில் இருப்பது உள்ளங்கையில் பாதி அளவு, பெரிதாக்கினால் முகம் கட்டம் கட்டமாக உடைகிறது. அசல் பாண்டியராஜிடம் இருக்கும். போனில் கேட்கிற விஷயமா இது, "சார், ஏழாம் பக்கத்தில் இருப்பது என் அம்மா, நான் போட்டோகிராபர், என்னிடம் அவங்க படம் இல்லை" என்று எந்த வாயால் சொல்வது? டூருக்குப் போனால் கேட்கலாம், இரண்டு நாள் கூடவே நடந்தால் ஏதாவது ஒரு டீக்கடையில் பேச்சு வந்துவிடும். கேட்டு வாங்கினால்? வாங்கி என்ன, சின்னாளப்பட்டியில் அக்கா வீட்டுச் சுவரில் இருப்பதைக் கழற்றிவிட்டு இதை மாட்டுவதா? அக்கா தினமும் அதற்குத்தான் விளக்கு வைக்கிறாள். மகளுக்குக் காய்ச்சல் என்றால் அதன் முன்னால் போய் நிற்கிறாள். அது பொய் என்று தெரிந்தால் அவளுக்கு அம்மா இன்னொரு முறை சாக மாட்டாளா? போகாமல் விட்டால் யாருக்கும் ஒன்றும் தெரியாது, சதாம் கேட்டால் முதுகுவலி என்று சொல்லிக்கொள்ளலாம், ஏழாம் பக்கத்தை அழித்துவிடலாம்... அழித்துவிட்டு? நான் பார்த்துவிட்டேனே. இன்றைக்குப் பார்த்த இந்த முகமும் இன்னும் ஆறு மாதத்தில் மறந்துபோய், அந்தச் சுவர்ப் படம் மறுபடி வந்து உட்கார்ந்துகொள்ளாதா? பதினொன்று ஐம்பதுக்குச் சதாம் "அண்ணே?" என்று ஒரு மெசேஜ் போட்டான். நான் அக்காவுக்குப் போன் செய்தேன்.

சாப்டியா என்றாள், சாப்பிட்டேன் என்றேன், சாப்பிடவில்லை. சுற்றி வளைத்துத்தான் ஆரம்பித்தேன், ஒரு டூர், ஒரு பிடிஎஃப், அதில் ஒரு படம், நம்ம வீட்டு நிலை, அம்மா, கண்ணைத் திறந்து... சுவரில் இருக்கிற படத்தைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்று தொண்டையைச் செருமினேன். "என்ன, அது எங்கண்ணுன்னு சொல்லப் போறியா?" என்றாள். "ஏலே மோகனு, என் கண்ணு எனக்குத் தெரியாதா? கண்ணாடில தெனம் பாக்குறேன். நீ கொண்டாந்து மாட்டுன அன்னைக்கே தெரியும். மையை அழிச்சிருக்க, ஓரத்துல வாலு கொஞ்சம் ஒட்டிக்கிட்டு நிக்குது. அம்மா என்னைக்குடா மை போட்டுச்சு?" பதினைந்து வருஷம். "அப்ப ஏங்க்கா சொல்லல?" "நீ அம்புட்டு அழுதுக்கிட்டு ஒட்டிக் கொண்டாந்த. அதப் போயி குத்தம் சொல்லவா? சொன்னா மட்டும் அம்மா கண்ணு வந்துருமா?" நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். தன் கண்ணுக்கே விளக்கு வைத்துக்கொண்டு, தன் கண்ணிடமே மகள் காய்ச்சலைச் சொல்லிக்கொண்டு, என் ஒருவனுக்காக இவள் இத்தனை வருஷம்... இவளுக்காகத்தான் நான் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அனுப்பவாக்கா?" என்றேன். அவள் பின்னால் யாரோ தண்ணீர் பிடிக்கிற சத்தம் கேட்டது. "அதுல அம்மா சிரிக்குதா?" "சிரிக்குதுக்கா. நல்லாச் சிரிக்குது." "யாரப் பாத்துடா?" நான் படத்தைப் பார்த்தேன். அம்மா கேமராவைப் பார்க்கவில்லை, கேமராவுக்குக் கொஞ்சம் மேலே, அதைப் பிடித்திருந்த மனுஷன் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறது, அன்று காலையில்தான் தெருவுக்குள் வந்திருக்கக்கூடிய, பேர்கூடத் தெரியாத ஒரு ஆளைப் பார்த்து, என் கேமராவுக்கு ஒரு தடவையும் கிடைக்காத சிரிப்பு. என்ன சொல்லியிருப்பார்? எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தார்? "தெரியலக்கா." "போயிக் கேட்டுட்டு வா," என்றாள், "இப்ப அனுப்பாத, கேட்டுட்டு வந்து நேர்ல காமி." போனை வைத்துவிட்டாள். பன்னிரண்டுக்கு இரண்டு நிமிஷம் இருந்தது, எனக்கும் சீட்டுப் போடு என்று சதாமுக்கு அனுப்பினேன், அவன் உடனே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு, எந்த லென்ஸ் கொண்டு வாரீங்க என்று கேட்டான். அதற்குத்தான் இன்னும் பதில் போடவில்லை. கேமராவையே கொண்டு போக வேண்டுமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.